வேட்டைக்காரர் கேட்ட கேள்விகள் - ஹழ்ரத் அதீ பின் ஹாத்திம் (ரலி)

கொடைக்கு ஒரு பெயர் சொல்லுங்கள் என்றால் நம் வீடுகளில் பாட்டனார் முதல் பேரப்பிள்ளை வரை ஹாத்திம் தாயீயின் பெயரைத்தான் சொல்வார்கள். கதைப் புத்தகங்களும் திரைப்படங்களும் அவரை மாயமந்திரக் கதாநாயகனாகவே ஆக்கிவிட்டன. அந்த ஹாத்திமுக்கு ஒரு மகன் இருந்தார். அவர் கதையில் வருபவர் அல்லர். அண்ணல் நபி (ஸல்) அவர்களின் திருமுகத்தைக் கண்டு ஈமான் கொண்ட ஸஹாபி. வேட்டைப் பிராணியைப் பற்றி நம் ஃபிக்ஹு நூல்களில் இன்று நாம் படிக்கும் சட்டங்களில் பெரும்பகுதி அவர் கேட்ட கேள்விகளுக்குக் கிடைத்த பதில்களே. அப்படியிருந்தும் தந்தையை அறிந்த அளவு மகனை நம்மவர்கள் அறியவில்லை. ஹழ்ரத் அதீ பின் ஹாத்திம் (ரலி) அவர்களைப் பற்றி இம்மாதம் எழுத எண்ணியது அதனால்தான்.

அரபு நாட்டின் வடபகுதியில், இன்று ஹாயில் என்று வழங்கும் ஊரின் அருகே, அஜா, ஸல்மா என்று இரு மலைத்தொடர்கள் உள்ளன. தய்யி கோத்திரத்தார் வாழ்ந்த இடம் அது. பாறையும் மணலும் கலந்த பூமி. மழைக்காலத்தில் பள்ளத்தாக்குகளில் புல் முளைக்கும். அதைத் தேடி மான் கூட்டங்கள் இறங்கும். அந்த மக்களுக்கு வேட்டை வெறும் பொழுதுபோக்கு அன்று. வளர்க்கும் ஒட்டகத்தை நினைத்தபோதெல்லாம் அறுத்துவிட முடியாது, அது சொத்து. ஆகவே வீட்டில் இறைச்சி வேக வேண்டுமானால் வில்லையும் நாயையும் நம்பித்தான் இருக்க வேண்டும். அதீ பிறந்து வளர்ந்தது இப்படிப்பட்ட குடியில்.

தந்தைக்குப் பின் தலைமை அவருக்கு வந்தது. அரபிகளில் பெரும்பாலோர் சிலைகளை வணங்கிய அக்காலத்தில் அவர் கிறிஸ்தவ மதத்தைப் பின்பற்றினார். போரில் கிடைக்கும் பொருளில் நாலில் ஒரு பங்கு தலைவருக்கு என்பது அக்கால வழக்கம். அதை அவரும் பெற்று வந்தார். இஸ்லாம் பரவுவதைக் கேட்டபோது அவர் உள்ளத்தில் வெறுப்பைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. இதைப் பிற்காலத்தில் அவரே ஒளிக்காமல் சொன்னார்.

ஹிஜ்ரி 9-ஆம் ஆண்டில் (கி.பி. 630) ஹழ்ரத் அலீ (ரலி) அவர்களின் தலைமையில் ஒரு படை தய்யி நாட்டின் ஃபுல்ஸ் என்னும் சிலையை உடைக்க வந்தது. அதீ இதை முன்னமே எதிர்பார்த்திருந்தார். நன்கு பழகிய, கொழுத்த ஒட்டகங்கள் சிலவற்றை எப்போதும் பக்கத்திலேயே வைத்திருக்கும்படி தம் பணியாளிடம் சொல்லி வைத்திருந்தார். படையின் கொடிகள் தெரிந்ததும் மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு ஷாம் நாட்டுக்கு ஓடினார். உடன்பிறந்த சகோதரியை மட்டும் விட்டுவிட்டுப் போனார். ஓர் உயர்ந்த மனிதரின் வரலாற்றை எழுதும்போது அவருடைய குறையை மறைத்து எழுதும் வழக்கம் நம்மில் சிலரிடம் உண்டு. அப்படி மறைத்தால் பின்னால் நடந்ததன் அருமை விளங்காது. கொடைவள்ளலின் மகன், தந்தையின் மகளைப் பகைவர் கையில் விட்டுவிட்டு ஓடினார் என்பதே உண்மை.

அந்த அம்மையார் கைதிகளோடு மதீனாவுக்குக் கொண்டுவரப்பட்டு, பள்ளிவாசலின் வாயிலருகே இருந்த ஓர் அடைப்பில் வைக்கப்பட்டார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் அவ்வழியே சென்றபோது எழுந்து நின்று, தம் தந்தை இறந்துவிட்டார், தம்மைக் காக்க வேண்டியவர் காணாமல் போய்விட்டார், தம் மீது தயை காட்ட வேண்டும் என்று கேட்டார்கள். காக்க வேண்டியவர் யார் என்று நபியவர்கள் வினவ, அதீ என்று பதில் வந்தது. அல்லாஹ்வையும் அவன் தூதரையும் விட்டு ஓடியவரா என்று மட்டும் கேட்டுவிட்டு நபியவர்கள் சென்றார்கள். மறுநாளும் அப்படியே நடந்தது. மூன்றாம் நாள் அம்மையார் நம்பிக்கை இழந்து பேசாதிருக்க, பின்னால் வந்த ஒருவர் எழுந்து பேசும்படி சைகை செய்தார். அவர் ஹழ்ரத் அலீ (ரலி) என்று பின்னர் தெரிந்தது. இம்முறை விடுதலை கிடைத்தது. ஆனால் உடனே புறப்பட்டுவிட வேண்டாம், தம் கூட்டத்தாரில் நம்பிக்கையானவர் வழித்துணைக்குக் கிடைக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்று நபியவர்கள் சொன்னார்கள். துணை கிடைத்ததும் உடுக்க உடையும், ஏறிச்செல்ல வாகனமும், வழிச்செலவும் கொடுத்து அனுப்பினார்கள்.

ஷாமுக்கு வந்து சேர்ந்த சகோதரி அண்ணனை வாயாரத் திட்டினார்கள். மனைவி மக்களைத் தூக்கிச் சென்றவர் தந்தையின் மகளை விட்டுவிட்டாரே, உறவை அறுத்த அநியாயக்காரர் என்று ஏசினார்கள். அதீயிடம் பதில் இல்லை; மன்னிப்புக் கேட்டார். கோபம் தணிந்த பின், அந்த மனிதரைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று தங்கையிடம் யோசனை கேட்டார். காலம் தாழ்த்தாமல் போய்ச் சேருவதே நல்லது. அவர் நபியாயின் முந்திச் செல்பவருக்குச் சிறப்பு, அரசராயின் அவரிடம் உமக்கு இழிவு வராது என்றார்கள் அந்த அறிவுள்ள பெண்மணி.

அதீ மதீனா வந்தார். நபியவர்கள் கையைப் பிடித்துத் தம் இல்லத்துக்கு அழைத்துச் சென்றார்கள். வழியில் தள்ளாத மூதாட்டி ஒருவர் நிறுத்தித் தம் தேவையைச் சொல்ல, நபியவர்கள் நெடுநேரம் நின்று கேட்டார்கள். இவர் அரசர் அல்லர் என்று அதீயின் மனம் சொல்லிற்று. வீட்டில் ஈச்சநார் அடைத்த தோல் மெத்தை ஒன்றுதான் இருந்தது. அதை விருந்தாளிக்குப் போட்டுவிட்டு நபியவர்கள் வெறுந்தரையில் அமர்ந்தார்கள். அவர் பின்பற்றிய மார்க்கத்தில் நாலில் ஒரு பங்கு எடுப்பது ஆகாதே என்று நபியவர்கள் எடுத்துச் சொன்னபோது அதீ திடுக்கிட்டார். அந்த விஷயம் தமக்கும் தம் மனச்சாட்சிக்கும் மட்டுமே தெரிந்தது என்று எண்ணியிருந்தார் அவர்.

திர்மிதீயில் வரும் ஓர் அறிவிப்பையும் இங்கே சொல்ல வேண்டும். அதீயின் கழுத்தில் பொற்சிலுவை ஒன்று தொங்கியது. அதைக் களைந்துவிடும்படி நபியவர்கள் சொன்னார்கள். பாதிரிகளையும் துறவிகளையும் தெய்வங்களாக்கிக் கொண்டவர்களைப் பற்றிய அத்தவ்பா சூராவின் 31-ஆவது ஆயத்தையும் ஓதினார்கள். நாங்கள் அவர்களை வணங்கவில்லையே என்று அதீ கேட்டார். அவர்கள் ஆகுமென்றதை ஆகுமென்றும், ஆகாதென்றதை ஆகாதென்றும் ஏற்றுக்கொள்வதே அந்த வணக்கம் என்று விளக்கம் கிடைத்தது. ஹலால், ஹராம் சொல்லும் உரிமை அல்லாஹ்வுக்கு மட்டுமே என்ற பாடம், அதீ (ரலி) அவர்கள் இஸ்லாத்தில் படித்த முதற்பாடங்களில் ஒன்று. பின்னாளில் ஒரு மானின் உடலில் இருக்கும் காயத்தைக்கூடச் சும்மா விடாமல் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள் என்றால், அந்தப் பாடம் எவ்வளவு ஆழமாகப் பதிந்தது என்பது தெரிகிறது.

இனி வேட்டைக்கு வருவோம்.

மான் வேட்டையை அறிந்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். அம்பு பட்ட இடத்திலேயே விழும் மான் சிலவே. இருதயத்தில் அடிபட்டதுகூடச் சற்றுத் தூரம் பாய்ந்துதான் சாயும். நுரையீரலில் பட்டால் சிவந்த, நுரை கலந்த இரத்தம் வழியெங்கும் சிந்தும்; அது வெகுதூரம் போகாது. வயிற்றில் பட்டால் இரத்தம் கறுத்து, குறைவாகச் சிந்தும். மானோ மணிக்கணக்கில் நடந்துகொண்டே இருக்கும். உடனே விரட்டினால் இன்னும் ஓடும். சற்றுப் பொறுத்தால் எங்காவது படுத்துக்கொள்ளும். காயத்தின் தாகத்தால் தண்ணீரைத் தேடிப் போவதும் உண்டு. வேட்டைக்காரர் கல்லில் காய்ந்த துளியையும், மணலில் இழுத்து வைத்த குளம்பின் தடத்தையும், ஒடிந்த புல்லையும் பார்த்துப் பார்த்துப் பின்தொடர வேண்டும். இருட்டிவிட்டால் விடியும்வரை நிற்க வேண்டும். அந்த இரவில் ஓநாயும் கழுதைப்புலியும் சும்மா இருக்குமா?

அதீ (ரலி) அவர்களின் கேள்விகள் இந்த அனுபவத்திலிருந்து பிறந்தவை. தாங்கள் வேட்டையாடும் கூட்டத்தார் என்று சொல்லிக்கொண்டே கேட்டார்கள். அம்பு எய்கிறோம், பிராணி மறைந்துவிடுகிறது, இரண்டு மூன்று நாள் தடம் பிடித்துப் போய்ப் பார்த்தால் அம்போடு செத்துக் கிடக்கிறது, என்ன செய்வது? நபியவர்கள் விரும்பினால் உண்ணலாம் என்றார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இவ்விஷயம் வருகிறது. ஆனால் அந்த அனுமதிக்கு எல்லைகள் உண்டு. உடலில் உம்முடைய அம்பின் காயத்தைத் தவிர வேறு அடையாளம் இருக்கக்கூடாது. வனவிலங்கு கடித்த தடம் கண்டால் விட்டுவிட வேண்டும். தண்ணீரில் விழுந்து கிடந்தால் உண்ணக்கூடாது. ஏனெனில் கொன்றது அம்பா, தண்ணீரா என்று உமக்குத் தெரியாது.

வாசகர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். மூன்று நாள் வெயிலில் நடந்து, தடம் தேடிக் கால் வெடித்து, கடைசியில் மானைக் கண்டுபிடித்துவிட்டார் ஒருவர். வீட்டில் பிள்ளைகள் காத்திருக்கின்றனர். மானோ ஒரு சுனையில் மிதக்கிறது. அம்பு அவருடையதுதான், காயமும் அவர் செய்ததுதான். தொண்ணூறு பங்கு அம்பினால்தான் செத்திருக்கும் என்று மனம் சொல்லும். அங்கே பார்க்க ஒருவரும் இல்லை. அப்படியே விட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்ப வேண்டும் என்பது சட்டம். சந்தேகமானதை விடுவது என்று நாம் எளிதாகப் பேசுகிறோம். அதைச் செய்வது எவ்வளவு கடினம் என்று அந்தச் சுனைக்கரையில் நின்றவருக்குத்தான் தெரியும்.

நாய் விஷயத்திலும் இப்படியே. பழக்கிய நாயை பிஸ்மில்லாஹ் சொல்லி ஏவினால், அது பிடித்ததை உண்ணலாம், கொன்றுவிட்டாலும் சரி. ஆனால் நாய் அதில் தின்றிருந்தால் உண்ணக்கூடாது. அது தனக்காகவே பிடித்துக்கொண்டது என்று கருத இடமுண்டு. போன இடத்தில் வேறு நாய்களும் சேர்ந்துகொண்டு, எது கொன்றது என்று தெரியாவிட்டால் அதையும் விட வேண்டும். இவர் பிஸ்மில் சொன்னது தம் நாய்க்கு மட்டும்தானே! உயிரோடு கிடைத்தால் அறுத்துவிட வேண்டும். நாய்க்குக் கற்றுக்கொடுப்பது பற்றிய அல்மாயிதா சூராவின் 4-ஆவது ஆயத்து, தய்யி கோத்திரத்தாரான இவர்களும் ஸைதுல் கைர் (ரலி) அவர்களும் கேட்ட கேள்வியின் பேரில் இறங்கியது என்று தஃப்ஸீர்களில் ஓர் அறிவிப்பு உண்டு.

மிஃராள் என்று ஒன்று இருந்தது. இறகு கட்டாத, கனத்த கட்டை அம்பு. சில வேளை முனையால் குத்தும். சில வேளை புரண்டு போய்ப் பக்கவாட்டில் அடிக்கும். முனை குத்தி இறந்ததை உண்ணலாம், பக்கம் மோதி இறந்தது தடியால் அடித்துக் கொன்றதற்குச் சமம், அதை உண்ணக்கூடாது என்று பதில் வந்தது. துப்பாக்கி ரவையால் அடிபட்டு, அறுக்குமுன் இறந்த பிராணியைப் பற்றிப் பிற்கால உலமாக்கள் பேசியபோது இந்த ஹதீஸை வைத்துத்தான் பேசினார்கள். ரவை கூர்மையால் வெட்டுவதன்று, வேகத்தால் நொறுக்குவது என்று கண்டு ஹனஃபீ, ஷாஃபிஈ உலமாக்களில் பெரும்பாலோர் ஆகாது என்றனர். ஆகும் என்றவர்களும் உண்டு. கையில் கத்தி இல்லாத நேரத்தில் கூரான கல்லாலோ பிளந்த குச்சியாலோ அறுக்கலாமா என்றும் அதீ (ரலி) கேட்டார்கள். அல்லாஹ்வின் பெயரைச் சொல்லி இரத்தத்தை ஓட்டுவதே வேண்டுவது என்று விடை கிடைத்தது. இது அபூதாவூதில் உள்ளது.

அடிபட்டு மறைந்த பிராணியைப் பற்றி இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஹனஃபீ மத்ஹபில், வேட்டைக்காரர் தேடுவதை நிறுத்தாமல் தேடிக்கொண்டே போய்க் கண்டெடுத்தால் ஆகும். சோர்ந்து உட்கார்ந்துவிட்டுப் பிறகு போய் எடுத்தால் ஆகாது. ஷாஃபிஈ மத்ஹபில், மின்ஹாஜ் நூலில் ஆகாது என்ற சொல்லே மேலானதாக எழுதப்பட்டுள்ளது. ஆயினும் அதே இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் வேறு நூலில், ஸஹீஹான ஹதீஸ்கள் வந்திருப்பதால் ஆகும் என்பதே ஆதாரத்தில் வலுவானது என்று சொல்லியிருக்கிறார்கள். ஹனஃபீ இமாம்கள் வைத்த நிபந்தனை நம் உள்ளத்தைத் தொடுகிறது. காயப்படுத்திய பிராணியைப் பாதியில் விட்டுவிட்டு, படுத்துத் தூங்கியெழுந்து, சாவகாசமாக எடுக்கப் போகிறவருக்கு அதில் உரிமை குறைந்துவிடுகிறது. உயிருள்ளதைக் குறிவைத்துப் பழகும் இலக்காக ஆக்குவதையும் நபியவர்கள் கடுமையாகத் தடுத்திருக்கிறார்கள்.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி புள்ளிமானையோ வெளிமானையோ வேட்டையாடுவது குற்றம். ஆகவே இவற்றை நாம் எழுதுவது யாரும் காட்டுக்குப் போவதற்காக அன்று. பிஸ்மில் சொல்லிவிட்டோம் என்று காவலரிடம் வாதாடவும் முடியாது!

வேட்டையின் பின்னே போகிறவன் மறதியில் வீழ்கிறான் என்ற கருத்தில் ஒரு ஹதீஸ் திர்மிதீ முதலிய நூல்களில் வருகிறது. வேட்டைப் பிரியர்களைப் பார்த்தவர்களுக்கு இதன் உண்மை தெரியும். தடம் கிடைத்துவிட்டால் பாங்கு காதில் விழாது. அதீ (ரலி) அவர்கள் இதற்கு விலக்காக இருந்தார்கள். இஸ்லாத்தில் சேர்ந்தது முதல் எந்தத் தொழுகையின் நேரமும் தம்மை ஒளுவோடு அல்லாமல் கண்டதில்லை என்று அவர்கள் சொன்னதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள்.

அவர்கள் எதையும் நேரடியாகவே எடுத்துக்கொள்ளும் மனிதர். நோன்பு பற்றிய ஆயத்தில் வெள்ளை நூல், கறுப்பு நூல் என்று வருவதைக் கேட்டு, இரண்டு கயிறுகளைத் தலையணைக்கடியில் வைத்து இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலையில் நபியவர்களிடம் சொன்னபோது, அப்படியானால் உம் தலையணை மிக அகலமானதுதான் என்று நகைச்சுவையாகச் சொல்லி, அது இரவின் இருளும் பகலின் வெளிச்சமும் என்று விளக்கினார்கள். தெரியாததைக் கேட்க அந்தத் தலைவர் ஒருநாளும் வெட்கப்படவில்லை.

நபியவர்கள் மறைந்ததும் கோத்திரங்கள் பல ஜகாத்தை மறுத்தன. துலைஹா என்பவன் தன்னை நபி என்றான். தய்யி கூட்டத்தாரும் அவன் பக்கம் சாய்ந்தனர். ஒருமுறை ஓடிய அதீ (ரலி) இம்முறை ஓடவில்லை. ஜகாத்தை மதீனாவில் ஹழ்ரத் அபூபக்ர் (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள். காலித் (ரலி) அவர்கள் படையோடு வந்தபோது மூன்று நாள் தவணை கேட்டு, தம் மக்களிடம் போய்ப் பேசி, 500 வீரர்களைத் திருப்பி அழைத்து வந்தார்கள். பிறகு ஜதீலா கிளையாரிடம் சென்று மேலும் 1000 குதிரை வீரர்களை மீட்டார்கள் என்று தபரீ எழுதுகிறார். ஒரு வாளும் உயராமல் ஒரு கோத்திரம் முழுவதும் நரகத்தின் வாயிலிலிருந்து திரும்பியது. தங்கையை விட்டு ஓடியவர் இப்போது ஒரு குலத்தையே தேடிப்போய் அழைத்து வந்தார்.

பல ஆண்டுகள் கழித்து உமர் (ரலி) அவர்களிடம் ஒரு தூதுக்குழுவோடு சென்றார்கள். கலீபா ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்தார்கள், இவர்களை அழைக்கவில்லை. என்னைத் தெரியவில்லையா என்று கேட்டுவிட்டார்கள். மற்றவர் மறுத்தபோது நம்பியவர், பின்வாங்கியபோது முன்வந்தவர், துரோகம் செய்தபோது வாக்கைக் காத்தவர் என்று தெரியாமல் என்ன என்று கலீபா பதில் சொன்னார்கள். அப்படியானால் இனி எனக்குக் கவலையில்லை என்று அமர்ந்தார்கள்.

இராக் போர்களில் பங்குகொண்டு கூஃபாவில் குடியேறினார்கள். ஹழ்ரத் அலீ (ரலி) அவர்களோடு நின்றார்கள். ஜமல் போரில் ஒரு கண்ணை இழந்தார்கள். தம்மிடம் வந்த எறும்புகளுக்கு ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, இவை அண்டை வீட்டார், இவற்றுக்கும் உரிமை உண்டு என்பார்களாம். பேரீச்சம் பழத்தின் ஒரு பாதியைக் கொடுத்தாவது நரகத்திலிருந்து காத்துக்கொள்ளும்படி சொல்லும் ஹதீஸும் அவர்கள் வழியாகவே வந்தது.

முன்பு ஒருநாள் நபியவர்களின் சபையில் ஒருவர் வழிப்பறியைப் பற்றி முறையிட்டார். ஆயுள் நீண்டால், ஹீராவிலிருந்து ஒரு பெண் தனியே புறப்பட்டு, அல்லாஹ்வைத் தவிர யாருக்கும் அஞ்சாமல் கஃபாவைத் தவாபு செய்ய வருவதை நீர் காண்பீர் என்று நபியவர்கள் அதீயிடம் சொன்னார்கள். ஊர்களையெல்லாம் சூறையாடும் நம் தய்யி திருடர்கள் அப்போது எங்கே போயிருப்பார்கள் என்று தம் மனதுக்குள் நினைத்ததை அதீ (ரலி) பின்னாளில் மறைக்காமல் சொன்னார்கள். கிஸ்ராவின் பொக்கிஷங்கள் திறக்கப்படும் என்றும், கை நிறையப் பொன்னும் வெள்ளியும் எடுத்துக்கொண்டு தர்மம் வாங்க ஆளைத் தேடியும் கிடைக்காத காலம் வரும் என்றும் கேட்டார்கள். அந்தப் பெண்ணின் பயணத்தைத் தம் கண்ணால் கண்டார்கள். கிஸ்ராவின் பொக்கிஷத்தைத் திறந்தவர்களில் தாமும் ஒருவராக இருந்தார்கள். மூன்றாவதையும் மக்கள் காண்பார்கள் என்று உறுதியாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஹிஜ்ரி 67 அல்லது 68-இல் (கி.பி. 687 வாக்கில்) கூஃபாவில் காலமானார்கள். வயது 120 என்று சொல்லப்படுகிறது. அந்த ஊரிலேயே இருந்த இமாம் ஷஅபீ (ரஹ்) அவர்கள், அம்பையும் நாயையும் தண்ணீரில் விழுந்த பிராணியையும் பற்றிய ஹதீஸ்களை இந்த முதியவரிடம் கேட்டு மனனம் செய்து அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தார்கள்.